மேலே ஏறிய கை

“கூட ஆள் வெச்சிக்கினீங்களாக்கா?” என்று பெஞ்சில் குப்புறப் படுத்திருந்த சுகுணா கேட்டபோது, யுவராணியின் இரண்டு கைகளும் அவளுடைய கழுத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தன.

“இல்லியே. ஏன் கேக்கற?”

“காலை யாரோ புடிக்கிறாங்களே.”

யுவராணி எட்டிப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே சுகுணாவின் கால்கள் பாட்டுக்கு நீட்டிக்கொண்டு கிடந்தன. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் ஜன்னல் வெயில் பட்டு வலது கெண்டைக்காலில் எண்ணெய் மினுங்கியது. கணுக்காலில் தொடங்கி முழங்காலை நோக்கிப் போன நான்கு விரல்களின் தடம். யுவராணி இன்னும் காலுக்கே வரவில்லை.

“மரத்துப் போயிருக்கும். பேசாம படு” என்றாள். பொய்தான், வேறென்ன சொல்வது? தையல் கம்பெனியில் நாள் முழுக்க மிஷின் முன்னால் குனிந்து கிடக்கிற பெண்ணுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் நிம்மதி கிடைக்கிறது, அதையும் கெடுப்பானேன் என்று நினைத்தாள். வேலையை முடித்து, வெந்நீரும் சீயக்காயும் கொடுத்துக் குளிக்க வைத்து அனுப்பினாள். போகும்போது சுகுணா காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள்.

அதைப் பார்த்ததும் யுவராணிக்கு வேறு இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். போன வாரம் வந்துபோன பேங்க் அம்மா, தலையே தூக்க முடியவில்லை என்று போன் செய்திருந்தார். புளி தட்டும் கூலி வேலைக்குப் போகிற சின்னம்மாளுக்குத் தோள் வலி போய் மண்டைக்குள் வலிக்கிறதாம். மூன்று பேருமே கெட்ட கனவு சொல்வது போலத் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார்கள். யாரோ காலில் இருந்து மேலே பிடித்தார்களாம்.

யுவராணி ஒருநாளும் அப்படிப் பிடிக்கமாட்டாள். அவள் கணவன் மாது ஒகேனக்கல் பாறையில் எண்ணெய் மசாஜ் செய்கிறவன். அவன் அப்பனும் அதே தொழில்தான். கழுத்தில் எண்ணெய் வைத்தால் கால்விரலில்தான் முடிக்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். மேலே ஏற்றினால் வலி தலையில் போய்க் குந்திக்கொள்ளும். முடிந்ததும் ஆளை நேரே ஆற்றில் இறக்கிவிடுவார்கள். இழுத்த வலியையெல்லாம் ஆறு கொண்டுபோய்விடும்.

ஆனால் நாலு பேர் பார்க்கப் பெண்கள் எங்கே பாறையில் படுப்பது? அதனால்தான் பென்னாகரத்தில் இந்த அறையைப் பிடித்து, ‘பெண்களுக்கு மட்டும்’ என்று போர்டு மாட்டினாள். மாமியார் வீட்டில் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று விட்டுவிட்டாள். பட்டப்பகலில் ஒரு பெண் படுத்திருந்தும் யாரும் அவளிடம் டீ கேட்காத ஒரே இடம் இந்த ஊரில் இதுதான்.

மாதுவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பின்னால் அருவி இரைந்தது.

“குளிக்கிற தண்ணி எங்க போவுது?” என்று கேட்டான்.

“பின்னால குழிக்கு. சிமெண்ட் உறை எறக்குன குழி.”

மாது பாறையை விட்டுத் தள்ளி வந்தான். அருவியின் இரைச்சல் குறைந்தது.

“ஆத்துல வுடாம எங்க வூட்ல யாருமே புடிச்சதில்ல, யுவா. அதான் வுடலன்னா என்னாவும்னு எவனுக்கும் சொல்லத் தோணல. இழுத்ததெல்லாம் அங்கியே கெடக்குது. பூட்டிட்டு வந்துடு.”

“பூட்ட மாட்டேன் மாமா.”

“சொன்னாக் கேளு.”

“இழுத்தது நானு. அது என்னாண்டல்ல வரணும்? ஏன் அவுங்க காலைப் புடிக்குது?” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வரவேண்டிய அலீனாவை அழைத்தாள். கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துக் கழுத்து பூட்டிக்கொண்ட பெண். “இன்னிக்கு வேணாம்மா, நாளைக்கிக் கண்டிப்பா வா” என்றாள். சொன்ன பிறகுதான் அந்த ‘கண்டிப்பா’ தன்னை எங்கே மாட்டிவிட்டது என்பது உறைத்தது. நாளைக்குள் இந்த அறை சுத்தமாக வேண்டும். இல்லையென்றால் போர்டைக் கழற்ற வேண்டும்.

வாசல் கதவைத் தாழிட்டுப் பின்பக்கம் போனாள். குழியின் மூடிக் கல் நகர்ந்து கிடந்தது. உள்ளே இருந்து சீயக்காயும் பூண்டு காய்ச்சிய எண்ணெயும், ஒரு வருஷமாக எத்தனையோ முதுகுகளில் இருந்து வழிந்த வியர்வையும் சேர்ந்து புளித்த வாடை மூக்கில் ஏறியது. கல்லின் விளிம்பில் தொடங்கிய எண்ணெய்த் தடம் குளியலறைப் படியில் ஏறி, ஈரத் தரையைக் கடந்து, வெயில் சரிந்துகொண்டிருந்த அறைக்குள் போயிருந்தது.

அப்போது கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. அந்த அமைதியில் அறைக்குள் ஒரு சத்தம். எண்ணெய்க் கை தோலில் வழுக்கும் சத்தம். அவளுக்கு மிகவும் பழகிய சத்தம்.

பெஞ்சில் போர்வைக்குள் யாரோ குப்புறப் படுத்திருந்தார்கள்.

யுவராணி பயந்தாள். நன்றாகவே பயந்தாள். ஓடினால் நாலு எட்டில் தெரு. ஆனால் நாளைக்கு அலீனா வந்து இந்தப் பெஞ்சில்தான் படுப்பாள்.

மூடி போட்ட தண்ணீர் டிரம் ஒன்றை எடுத்து வந்து, மூடியைத் திறந்து பெஞ்சின் கால்மாட்டில் வைத்தாள். எல்லாவற்றையும் இதில் இறக்கி, டவுன் பஸ்ஸில் ஏற்றி, ஆற்றில் கொட்டிவிடுவாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டால் போடட்டும்.

“எந்திரிக்காத. படு” என்று சொல்லிப் போர்வைக்குள் கையை விட்டாள்.

மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெயைப் போல இருந்தது. எலும்பு இல்லை. முடிச்சுகள் மட்டும். எல்லாம் தெரிந்த முடிச்சுகள். சுகுணாவின் தோள்பட்டை. பேங்க் அம்மாவின் கழுத்து. சின்னம்மாளின் மணிக்கட்டு. எல்லாம் ஒரே முதுகில்.

கழுத்தில் தொடங்கினாள். கீழே தள்ளினாள். முடிச்சு நகர்ந்தது. இன்னும் தள்ளினாள். டிரம்மில் ஏதோ சொட்டியது.

சொட்டு. இன்னொரு சொட்டு.

“போ. கீழ போ.”

அப்போது அவள் கணுக்காலில் ஒரு கை பட்டது.

ஈரக் கை. நான்கு விரல். பெஞ்சுக்கு அடியில் இருந்து. கெண்டைக்கால். முழங்கால். மேலே. பக்குவமான பிடி, அவளுடைய பிடியேதான். ஊருக்கெல்லாம் பிடித்துவிட்ட அவளுக்கு இதுவரை யாரும் பிடித்துவிட்டதில்லை.

இடுப்பு. முதுகு. இப்போது இரண்டு கை.

அவள் குனிந்து பார்க்கவில்லை. கட்டைவிரலை இன்னும் ஆழமாக இறக்கினாள்.

“ஏறு. எவ்ளோ தூரம் ஏறுவேன்னு பாக்கறேன். நான் கைய எடுக்க மாட்டேன்.”

சொட்டு. சொட்டு.

குளிர்ந்த விரல்கள் அவள் கழுத்துக்கு வந்தன. வருஷக்கணக்காக அங்கே இருந்த முடிச்சைத் தேடின. சரியாகக் கண்டுபிடித்தன. அழுத்தின. போர்வைக்குள் இருந்த தலை, முதுகு அசையாமல், அவள் பக்கம் மெல்லத் திரும்பத் தொடங்கியது.

யுவராணி கையை எடுக்கவில்லை.