செங்காவிப் பட்டை

இரண்டு முறை கொதித்த தண்ணீரில் எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. டாக்டர் தேவதாசன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். வாந்திபேதிக் கிருமிகள், வளைந்து வளைந்து, ஊற்றில் மீன்குஞ்சு போலத் துள்ளிக்கொண்டிருந்தன. அது அவர் வீட்டுக் குடிதண்ணீர். காலையில் அவரே கொதிக்க வைத்து, அவரே புட்டியில் அடைத்துக் கொண்டுவந்தது.

வண்ணார்பேட்டையில் அந்த ஆராய்ச்சி அறைக்கு வெளியே சித்திரை மத்தியானம் கொளுத்தியது. அறைக்குள் எப்போதும் அடிக்கும் மருந்து நெடியை அமுக்கிக்கொண்டு வேறொரு வாசனை மெல்ல ஏறிவந்தது. ஈரச் சுண்ணாம்பும் ஈரக் காவியும் கலந்த வாசனை. அதை அவர் எங்கே முகர்ந்தார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில், ஸ்ரீவைகுண்டம் அருகே ஒரு சேரியில் வாந்திபேதி. கிருமி இருந்த கிணற்றை அவர்தான் கண்டுபிடித்தார். யாரும் அதை அண்டக் கூடாது என்று, தூரத்திலிருந்தே தெரியும்படி கைப்பிடிச் சுவரில் வெள்ளைப் பட்டை, செங்காவிப் பட்டை என்று மாற்றி மாற்றி அடிக்கச் சொன்னார். பாளையங்கோட்டை மிஷன் வளவில் பிறந்தவர், தினமும் கோயில் மதிலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனவர், ஒரு நாளாவது அதை ஏறிட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பட்டைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்கும். சேரி ஜனங்களுக்குத் தெரிந்தது. சர்க்கார் டாக்டரே அடையாளம் காட்டிவிட்டார், அம்மன் இந்தக் கிணற்றில்தான் இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, அந்தத் தண்ணீரைத் தீர்த்தமாகக் குடித்தார்கள்.

மூன்றாம் நாள் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதுவரை நடந்தது தவறு. அதற்குப் பிறகு நடந்ததற்கு அந்தப் பெயர் கிடையாது. பாதிச் சேரி கிணற்றில் குடித்தது, பாதிச் சேரி வாய்க்காலில் குடித்தது. இவ்வளவு துல்லியமான பரிசோதனை எந்த ஆராய்ச்சிசாலையிலும் வாய்க்காது என்று எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். இசக்கித்தாய் என்ற பெண் இடுப்புக் குழந்தையோடு வந்து நின்று, “ஐயா, பிள்ளைக்கி ஒரு மடக்கு குடுக்கட்டா? நீங்க சொன்னாச் சரிதான்” என்றாள். அவர் பதில் சொல்லவில்லை.

நாற்பத்தொரு பேர் செத்தார்கள், இசக்கித்தாயும் அவள் பிள்ளையும் உட்பட. கட்டுரை சென்னையில் அச்சானது. பட்டமும் சம்பளமும் இந்த அறையும் அதனால் வந்தவை. அந்தப் பிணங்களின் மேல் ஏறி நின்றுதான் இவர் பெரிய மனுஷரானார் என்றால் இவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

சட்டென்று சாலோமியின் நினைவு வந்தது. ஒரே மகள், ஆறு வயது. மனைவி நாசரேத்துக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளை நேரே பானையிடம்தான் ஓடுவாள்.

ஜட்கா பாளையங்கோட்டை ரோட்டில் பறந்தது. வழியில் முதல் கிணற்றில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். காவி இன்னும் காயாமல் வழிந்துகொண்டிருந்தது.

“மைதீன், இந்தக் கிணத்துக்கெல்லாம் எப்பம் பட்டை அடிச்சாவ?”

வண்டிக்காரர் முகம்மது மைதீன் திரும்பிப் பார்த்தார். “எந்தக் கிணத்துக்குய்யா? எல்லாம் வெறுஞ் சொவருல்லா?”

தேவதாசன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கர்த்தாவே, பிள்ளையை மட்டும் விட்டுவிடும் என்று முணுமுணுத்தார். மூடிய கண்ணுக்குள்ளும் அந்த வாசனை வந்தது.

வீட்டு வாசல் திறந்து கிடந்தது. பானை கவிழ்ந்து கிடந்தது, நல்லவேளை. சமையல்காரி தேவமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“பாப்பா பின்னால கிணத்தடியில நிக்காய்யா. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து ஆளுவளாம், உங்களத் தேடி வந்திருக்காவ. பிள்ளைக்கித் தாகம்னதும் தண்ணி குடுக்காவ.”

ஓடினார்.

கிணற்றடியில் கூட்டம். சத்தமே இல்லை. வற்றிச் சுருங்கிய முகங்கள். குழி விழுந்த கண்கள். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். அந்த விரல்களை அவர் கட்டுரைக்காக வரைந்துகூட வைத்திருந்தார்.

முன்னால் இசக்கித்தாய். இடுப்பில் குழந்தை. கையில் குடம். சாலோமி இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி நின்றாள்.

இசக்கித்தாய் அவரைப் பார்த்தாள். குடத்தைச் சாய்க்கவில்லை. காத்திருந்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வாயைத் திறந்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகளே, வேண்டாம். சத்தம் வரவில்லை. காலும் நகரவில்லை.

அவள் எவ்வளவோ நேரம் பொறுத்திருந்தாள். பிறகு குடத்தைச் சாய்த்தாள்.

சாலோமி குடித்தாள். மடக் மடக்கென்று. நிமிர்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

“அப்பா, இன்னும் தாகமா இருக்கு.”

இசக்கித்தாய் ஒதுங்கி வழிவிட்டாள். அடுத்து நின்ற கிழவர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் வேலி வரைக்கும் வரிசை. ஆளுக்கொரு நிறைகுடத்தோடு, அவசரமில்லாமல் நின்றார்கள்.