செவிவடி ஊரில் ஒரு கச்சேரி

செவ்வாய்க் கிரகத்தில் குழந்தை பிறந்தால், பெயர் வைப்பதற்கு முன்பே காதுக்குப் பின்னால் செவிவடி பொருத்திவிடுவார்கள். அரிசி அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் பிள்ளை தூங்காது. கூரைக்கு மேலே காற்று இயந்திரங்கள் ஓயாமல் அலறுகின்றன. அந்த அலறல் நின்றால் மூச்சும் நின்றுவிடும். ஆனால் புதுக்காவிரிக் குடியிருப்பில் அதைக் கேட்டவர் யாருமில்லை. மனம் எந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லையோ, அதைச் செவிவடி கண்டுபிடித்து, மெல்லக் குறைத்து, ஒருநாள் அடியோடு எடுத்துவிடும்.

கல்யாணமாகிப் பூமியிலிருந்து வந்த குமுதவல்லிக்கு அது பெரிய வரமாகத் தெரிந்தது. திருச்சி பாலக்கரையில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் வயலின் பழகியவள் அவள். மிளகாய் அரைக்கிற நாளில் தும்மிக்கொண்டேதான் வர்ணம் வாசிக்க வேண்டும். இங்கேயோ அவளும் வயலினும் மட்டும்தான். தலை நரைத்த பிறகு இப்போதுதான் ஆண்டு விழாவில் தனிக் கச்சேரி கிடைத்திருந்தது. இதை விட்டால் இன்னொன்று கிடைக்கிற வயதில்லை.

விழா நெருங்கிய ஒரு காலையில் வில்லை இழுத்தாள். சத்தம் வரவில்லை. தந்தி அதிர்வது விரலில் தெரிந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. சமையலறையில் கணவர் வாகீசன் கரண்டியைக் கீழே போட்டது மட்டும் கணீரென்று கேட்டது. வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

செவிவடி நிலையத்தில் இருந்த ரோஸ்லின் சோதித்துப் பார்த்தாள். "காது நல்லாத்தான் இருக்கும்மா. வடிதான் உங்க வயலினைத் தூக்கிருச்சு."

"நான் வாசிக்கிறதையேவா?"

"கை வாசிச்சிருக்கு. மனசு வேற எங்கயோ இருந்திருக்கு. வாசிக்கும்போது என்ன நினைப்பீங்க?"

குமுதவல்லிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மில்லைத்தான் நினைப்பாள். பட்டை சுற்றுகிற சத்தம், சூடான கோதுமை மாவு வாசனை, டப்பாவோடு வரிசையில் நிற்கும் பெண்களின் சண்டை. கரண்ட் போய் மில் நின்றால் இவளும் வில்லைக் கீழே வைத்துவிடுவாள். உடனே கீழேயிருந்து மில்காரர் காஜா பாய் குரல் கொடுப்பார்: "ஏன் பாப்பா நிப்பாட்டிட்ட? வாசி, வாசி." அந்த மில்லைச் சனியன் என்று திட்டியவள்தான். இப்போது வாசிக்க உட்கார்ந்தாலே மனசு அங்கே போய்விடுகிறது.

"இதைக் கழட்டிரும்மா," என்றாள்.

"தலைவலி பின்னி எடுத்துரும்."

"பரவால்ல."

அன்றிலிருந்து இயந்திரங்களின் அலறலுக்குள் தன் வயலினைத் தேடித் தேடி வாசித்தாள். எத்தனையோ வருஷமாகப் பிசகியிருந்த காந்தார ஸ்வரம் அப்போதுதான் காதில் பட்டது. திருத்தினாள். அது சரியான இடத்தில் போய் உட்கார்ந்தபோது கொஞ்சம் அழவும் செய்தாள்.

விழா அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. செவ்வாயில் மிருதங்கத்துக்கு ஆளில்லாததால் தனியாகவே வாசித்தாள். தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவள் வாசித்ததே இல்லை. கீர்த்தனையின் நடுவில், உச்சத்துக்குப் போகிற இடத்தில், முதல் தந்தி பட்டென்று அறுந்தது. வாசிப்பு நின்றுபோயிற்று.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். சபையில் அத்தனை தலைகளும் ஆடிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் வாகீசன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் "அடடா" என்றார். கச்சேரியில் உட்கார்ந்து நாளைய வேலையையும் ராத்திரிச் சாப்பாட்டையும் நினைத்துக்கொள்வது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். செவிவடிகள் அவர்களுக்காக வயலினை எப்போதோ எடுத்துவிட்டிருந்தன. மிஞ்சிய அமைதியைத்தான் கச்சேரி என்று தலையாட்டிக் கேட்டுவந்தார்கள்.

குமுதவல்லி வில்லை மடியில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே அலறும் இயந்திரங்களைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சி நேரம் முடிந்து விளக்குகள் எரிந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது.

வாகீசன் மேடையேறி வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"எல்லாமே நல்லா இருந்துச்சு வல்லி," என்றார். "ஆனா கடைசியா ரொம்ப நேரம் வாசிச்சியே, அதுக்கு ஈடே இல்ல."