நாற்பது நிமிடக் காற்று

காலை ஆறு மணிக்கு அவள் டயாலிசிஸ் வார்டுக்கு வந்தாள். எடை பார்த்தார்கள். நர்ஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு ஐந்தாம் நாற்காலியைக் காட்டினாள்.

ஜன்னலோர நாற்காலி. அதன் உறை மட்டும் புதிதாக இருந்தது.

இடது கையில் இரண்டு ஊசிகள். இரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, இன்னொரு குழாயில் திரும்பி வந்தது. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி. சனிக்குப் பிறகு வரும் இரண்டு நாள் இடைவெளிதான் கஷ்டம் என்றார்கள். குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கும். மிஞ்சினால் நுரையீரலில் ஏறும்.

அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். இன்னும் ஒரு மாதத்துக்குள் அக்காவின் சிறுநீரகத்தை அவளுக்குப் பொருத்தப்போகிறார்கள். நுரையீரலில் தண்ணீர் இருந்தால் தேதி தள்ளிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு தடவை தள்ளினால் அக்காவின் கணவர் மனம் மாறிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

நான்காம் நாற்காலியில் ஒரு பெரிய ஆள். லாரி ஓட்டியவர். வார்டுக்கே லாரி அண்ணன்.

"டீச்சரா? பள்ளிக்கூடத்துல பாதி நாள் பெஞ்சு மேலதான் நின்னேன்" என்றார்.

"இங்க உக்காந்தா போதும்."

அவர் சிரித்தார். மடியில் டேப்லெட். வலது கையால் மட்டும் விளையாடிக்கொண்டிருந்தார். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது.

மூன்றாம் நாள் இன்னொரு டேப்லெட்டை அவளிடம் நீட்டினார்.

"வர்றீங்களா? ரெண்டு பேர் ஆடற ஆட்டம். தனியா முடியல."

"இது யாரோடது?"

"உங்க நாற்காலியில இருந்தவரோடது."

அந்த வார்டில் காலியான நாற்காலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

ஏதோ ஒரு கிரகம். சாம்பல் நிற மண். வானத்தில் இரண்டு சூரியன். மூச்சு விடக் காற்று கிடையாது. மண்ணைத் தோண்டி உலோகம் எடுக்க வேண்டும், அதை உருக்கிக் கருவி செய்ய வேண்டும். அவ்வப்போது மணல் புயல் வரும். அதற்குள் கூடாரத்துக்குத் திரும்பிக் கதவை அடைக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் புயல் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிடும்.

லாரி அண்ணனின் உருவம் மஞ்சள் உடை போட்டிருந்தது. அவளுடையது வெள்ளை.

"கதவை அடைக்கும்போது நான் 'உள்ள'ன்னு சொல்வேன். நீங்களும் 'உள்ள'ன்னு சொல்லணும். அப்புறம்தான் பொத்தானை அமுக்கணும்" என்றார்.

கூடாரத்துச் சுவரில் ஒரு எண் ஒளிர்ந்தது. இருக்கும் காற்று எத்தனை நிமிடம் வரும் என்று அது காட்டும். புதுக் காற்று உருளை ஒன்றை மாட்டினால் ஒருவருக்கு நூற்றிருபது நிமிடம் வரும். உருளை மேலேயே எழுதியிருந்தது.

மாட்டினாள். சுவரில் நாற்பது வந்தது.

"அண்ணே, ரெண்டு பேருக்கு அறுபது வரணும்ல?"

அவர் தன் திரையில் அந்த எண்ணையே பார்த்தார்.

"நாற்பதுன்னா மூணு பேர் கணக்கு. ஏதோ கோளாறு போல."

"கோளாறுதானே?" என்றார். "நீங்க கணக்கு டீச்சர். நீங்களே சொல்லுங்க."

அந்தக் கேள்வியில் விளையாட்டு இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை எடை மூன்று கிலோ கூடியிருந்தது. அளவுக் குப்பியில் ஊற்றித்தான் அவள் குடித்தாள். வியாழக்கிழமையும் மூன்று கிலோ.

"ரெண்டாள் தண்ணி குடிக்கிறீங்க டீச்சர்" என்றாள் நர்ஸ். "மறைக்காதீங்க. எல்லாரும் திருட்டுத்தனமாக் குடிக்கிறதுதான். ஆனா உங்களுக்கு ஆபரேஷன் இருக்கு."

"சத்தியமா குடிக்கல சிஸ்டர்."

"சரி, காத்தைக் குடிச்சிருப்பீங்க."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். மூச்சு பாதியில் நின்று திரும்பியது.

லாரி அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க நாற்காலியில ஒரு பெயின்ட்டர் இருந்தார். நாலு மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து கட்டின கூடாரம் அது. ஒரு சனிக்கிழமை புயல் வந்துச்சு. அவர் வெளிய நின்னார், கதவுக்கு இருபது அடி இருக்கும். 'இருங்கண்ணே, வந்துட்டேன்'னார். எனக்கு நேரம் முடிஞ்சு சிஸ்டர் ஊசி எடுக்க வந்துட்டாங்க. கூடாரம் போயிடுமேன்னு அடைச்சிட்டேன்."

"விளையாட்டுதானே அண்ணே."

"அவரும் அப்படித்தான் சொன்னார், சிரிச்சிக்கிட்டே. திங்கட்கிழமை விடியறப்போ போயிட்டார். நுரையீரல்ல தண்ணி. கடைசியா கதவைத் தொறங்க, கதவைத் தொறங்கன்னே சொல்லிட்டிருந்தாராம். அவங்க வீட்டுல எல்லாக் கதவும் தொறந்துதான் இருந்திருக்கு."

குழாயில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த நாள் ஆட்டத்துல கூடாரத்தைத் தொறந்து அவரோட நீல உடை உருவத்தைத் தேடினேன். அங்க இல்ல. திரும்பி வந்து அடைச்சேன். எனக்கு மட்டும் நூத்திருபது வரணும். அறுபது வந்துச்சு."

"தெரிஞ்சும் என்னைக் கூப்பிட்டீங்க."

"நீங்க வந்தா கோளாறுன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"எனக்கு மூச்சு முட்டுது அண்ணே" என்றாள் பிறகு. "அவரை வெளிய அனுப்புங்க."

சனிக்கிழமை.

லாரி அண்ணன் மஞ்சள் உருவத்தைக் கதவருகே நிறுத்தினார். பக்கத்தில் யாரும் இல்லை. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"வாங்க பெயின்ட்டர். பள்ளம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்."

கதவைத் திறந்து வெளியே போனார். அவள் கதவைச் சாத்தாமல் எண்ணைப் பார்த்தாள்.

நூற்றிருபது.

அவள் மூச்சை இழுத்தாள். நெஞ்சின் அடிவரை போயிற்று. எத்தனையோ நாளுக்குப் பிறகு.

திரையில் மஞ்சள் புள்ளி உலோகப் பள்ளம் வரை போய் நின்றது. லாரி அண்ணன் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்கும் தொனி. பிறகு புள்ளி திரும்பியது.

வானம் கறுத்தது.

"டீச்சர், நேரம் முடிஞ்சிது" என்று நர்ஸ் பஞ்சோடு வந்து நின்றாள்.

புயல் கூடாரத்தை நெருங்கியது. மஞ்சள் உடை புழுதியில் ஓடி வந்தது. அதற்குப் பின்னால் புழுதி மட்டும்தான். புழுதிதானா என்று தெரியவில்லை. அவர் உள்ளே வந்ததும் எண் அறுபது ஆக வேண்டும்.

நாற்பது ஆனால்?

"இருங்க டீச்சர், வந்துட்டேன்."

அவள் பொத்தானை அமுக்கினாள்.

நர்ஸ் ஊசியை உருவினாள். லாரி அண்ணன் தன் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் உருவம் கதவோரம் விழுந்து கிடந்தது.

"பரவால்ல டீச்சர்" என்றார். சிரித்தார். "விளையாட்டுதானே."

அந்த இரண்டு நாளும் அவள் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அக்கா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "முகம் தெளிஞ்சிருக்குடி" என்றாள். வெள்ளிக்கிழமைக்கு ஆபரேஷன் தேதி குறித்தார்கள். லாரி அண்ணனுக்கு ஃபோன் செய்ய எண் இருந்தது. செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை எடை ஒரு கிலோ எண்ணூறு கூடியிருந்தது.

"இப்படித்தான் இருக்கணும்" என்றாள் நர்ஸ்.

லாரி அண்ணனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து நான்காம் நாற்காலியில் சாய்த்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. எடை ஐந்து கிலோ நானூறு கூடியிருந்தது.

"ஒரு சொட்டு தொடல சிஸ்டர்" என்று அவருடைய மனைவி திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவருடைய டேப்லெட் வரவில்லை. வீட்டில் கிடப்பதாக மனைவி சொன்னாள்.

டீச்சர் தன்னிடமிருந்ததை எடுத்தாள். அணைத்துவிடலாம் என்றுதான் எடுத்தாள்.

கூடாரம். சுவரில் நூற்றிருபது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தாள்.

மஞ்சள் உடை எழுந்து நின்றிருந்தது. அதன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு நீல உடை.

ஆடுபவர் இல்லாமல் உருவம் நிற்காது. அவளுக்கு அது தெரியும்.

தூரத்தில் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"தொறங்க டீச்சர்."

நான்காம் நாற்காலியிலிருந்து வந்தது. முகமூடிக்குள் உதடு அசையவில்லை.

பொத்தான்மேல் விரலை வைத்தாள். மூன்று பேருக்கு நாற்பது நிமிடம். புயல் அதற்குள் கடந்துவிடும். அது விளையாட்டில். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

விரலை எடுத்தாள்.

"தொறங்க."

டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். வாகன நிறுத்தத்தில் ஒருவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்து முடிக்கும்வரை பார்த்தாள்.

நான்காம் நாற்காலியின் இயந்திரம் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்தாள், அவள் பின்னால் இன்னும் இருவர். திரையை இழுத்து மறைத்தார்கள். மனைவியை வெளியே அழைத்துப் போனார்கள். கத்தல் நின்றது. திரைக்குப் பின்னால் யாரும் அவசரப்படவில்லை.

அவள் டேப்லெட்டைத் திருப்பினாள்.

புயல் போயிருந்தது. கண்ணாடிக்கு வெளியே வெறும் மண். யாரும் நிற்கவில்லை. கதவு அடைத்தபடியே இருந்தது.

சுவரில் நாற்பது.

அவளுக்குத் தாகமாக இருந்தது.