ரயில் ஓடாத பிற்பகல்

காலைக் காப்பியைக் குடித்து முடித்தால் வயிற்றுக்குள் ஓர் உருளல் வரும். சூடு இறங்கிய இடத்தைத் தேடி யாரோ முழங்கையால் தள்ளுவது போல. அன்று டம்ளரின் அடியில் நுரை காய்ந்து ஒட்டிக்கொண்ட பிறகும் அது வரவில்லை. அபிதகுஜாம்பாள் டம்ளரைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். கடைசியாக எப்போது அசைந்தது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

குரோம்பேட்டையில் அவர்கள் வீட்டின் பின்சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு சாக்கடையும் சில எருக்கஞ்செடிகளும்தான். தாம்பரம் போகும் மின்சார ரயில் ஒவ்வொன்றின் அதிர்வும் முதலில் அலமாரிக் கண்ணாடியைத் தொடும், பிறகு கட்டிலின் இரும்புக் காலை, பிறகு படுத்திருப்பவரின் பல்லை. குடிவந்த புதிதில் தூக்கம் வராமல் தவித்தவர்கள், ரயில் போவதையே அறியாமல் இருக்க இப்போது பழகியிருந்தார்கள்.

"ஏன்னா, குழந்தை ஆடவே இல்லை. டாக்டர்கிட்ட போலாமா?"

பத்ரிநாராயணன் ஷூ கயிற்றை முடிந்துகொண்டே தன் அம்மாவைப் பார்த்தான்.

"போன மாசம் ரெண்டு தடவை ஆட்டோ வெச்சுண்டு ஓடினோம்," என்றாள் மாமியார் திரிபுரசுந்தரி. "அந்த நர்ஸ் என்ன கேட்டா? 'மாமி, உங்க மாட்டுப்பொண்ணுக்கு இங்கேயே நிரந்தரமா ஒரு பெட் போட்டுடலாமா'ன்னா. மானம் போச்சு. எங்கே, படு, நான் பாக்கறேன்."

பெருங்காயம் மணக்கும் உள்ளங்கையை அபிதாவின் வயிற்றின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அலமாரிக் கண்ணாடி முனகியது. கட்டில் கால் தரையில் கிடுகிடுத்தது. கைக்குக் கீழே வயிறு முழுவதும் அதிர்ந்தது.

"ஆடறதே! என்னமா ஆடறது! ஆபீஸ் போற அப்பாவுக்கு டாட்டா காட்டறான்டா. நீ கிளம்பு."

அது ரயில். அபிதாவுக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தாள். கணவன் முகத்தில் நிம்மதி பரவிவிட்டிருந்தது. அந்த நர்ஸின் சிரிப்பு காதில் கேட்டது.

"ஆமாம், ஆடறது," என்றாள்.

சொன்னதும் அவளுக்குள் ஏதோ மரத்துப்போனது. பயம்கூட வரவில்லை.

பிற்பகல் கரண்ட் நின்றது. பல்லாவரத்தில் மேல்கம்பி அறுந்துவிட்டதாம், ரயிலே கிடையாதாம் என்று தெருவில் யாரோ யாரிடமோ கத்திக்கொண்டு போனார்கள். மின்விசிறியும் ரயிலும் இல்லாத அந்த வீட்டை அவள் அதுவரை கேட்டதே இல்லை. குழாயின் சொட்டு, தகரத்தின் மேல் காக்கை நடக்கும் நகச்சத்தம், காற்று திரும்பும்போதெல்லாம் தோல் பதனிடும் ஆலையிலிருந்து ஜன்னல் வழியே வந்து தலையணையில் தங்கிவிடும் வாடை, இவற்றுக்கு நடுவில் தன் மூச்சு மட்டும் தனியாகப் போய்வந்துகொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது.

டாக்டரம்மா சொல்லியிருந்தபடி சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். வயிற்றில் கையை வை, வேறெதையும் நினைக்காதே, ஒவ்வோர் அசைவாக எண்ணு. குறைந்தால் உடனே வா, எத்தனை தடவை வந்தாலும் நான் சிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள் அந்த அம்மாள்.

அவள் காத்திருந்தாள்.

எண்ணத் தொடங்க ஒன்றுகூட வரவில்லை. புரண்டால் வயிறு ஒரு கணம் தாமதித்து, பிறகு அந்தப் பக்கம் சாய்ந்தது. விரலால் அழுத்தினாள். அழுத்துவது விரலுக்குத் தெரிந்தது. வயிற்றுக்குத் தெரியவில்லை. கிள்ளினாள். வேறு யாரையோ கிள்ளுவது போலிருந்தது.

"அம்மா," என்று கூப்பிட்டாள். "காலம்பர ஆடினது ரயில். இப்பவே போயாகணும்."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?" ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள் மாமியார். புடவையை விலக்கி, வயிற்றின் மேல் கையை விரித்து வைத்தாள். கண்ணை மூடினாள்.

ரயில் இல்லை. கண்ணாடி அசையவில்லை. கட்டில் அசையவில்லை.

மாமியாரின் முகம் மலர்ந்தது.

"இதோ! ஆடறதுடி! நன்னா ஆடறது. நான் சொன்னேனோன்னோ?"

அபிதாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே எதுவும் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அந்தக் கைக்குக் கீழே தோல் மேலெழுந்தது. மெதுவாக. உள்ளிருந்து ஏதோ உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்தது. ஐந்து விரல்கள். நீளமானவை. பெரியவர்களுடையவை. ஒவ்வொன்றும் தடவித் தடவி மேலே இருந்த விரல்களின் இடைவெளியைத் தேடியது. கண்டுகொண்டது. மடிந்தது.

மாமியார் கண்ணைத் திறந்தாள்.

"அபிதா. விடச் சொல்லுடி."

மாமியார் கையை இழுத்தாள். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். கை வந்தது. அதோடு கோத்துக்கொண்டு வயிற்றுத் தோலும் வந்தது, ஒரு சாண், இன்னும் ஒரு சாண், உள்ளிருந்த கையின் மணிக்கட்டு தெரிய, முழங்கை தெரிய.

அபிதா பார்த்துக்கொண்டே இருந்தாள். வலிக்கவே இல்லை.