ஏழாம் கல்லில் தழை

ஏழாம் கல்லின் அடியில் மறுபடியும் தழை கிடந்தது.

நேற்று சாயங்காலம் பிரடெரிக் தன் கையால் அள்ளி, சாக்கில் திணித்து, கேட்டுக்கு வெளியே கொட்டிவிட்டு வந்த அதே அளவு தழை. வேப்பங்கொப்பு, ஆவாரை, எருக்கு. எருக்கை ஒடித்த இடத்தில் பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது, அதன் பச்சை வாடை வெயில் ஏற ஏற மூக்கில் வந்து ஒட்டியது, காற்று மட்டும் கீழே இறங்காமல் பனைகளின் உச்சியில் காய்ந்த ஓலைகளை உரசிக்கொண்டிருந்தது. குனிந்து மணலைப் பார்த்தான். விளக்குமாற்றால் அவன் இழுத்துவிட்ட கோடுகள் கலையாமல் கிடந்தன. ஆள் தடம் இல்லை. ஆட்டுத் தடமும் இல்லை.

அவனுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எட்டு நாளாக இதே கூத்து.

சாயல்குடிக்குத் தெற்கே கடலோரம் எழும்பி நிற்கும் செம்மணல் மேடுகளை அந்தப் பக்கத்து ஜனங்கள் மணல்மலை என்பார்கள். அதைக் காப்புக்காடாக்கி, மேலே ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு இறங்க இரண்டு கிலோமீட்டருக்குப் பாதை போட்டு, பத்து எண்கல் நட்டு, 'எளிய நடைபாதை, குழந்தைகளும் முதியவர்களும் நடக்கலாம்' என்று பலகையும் வைத்தாகிவிட்டது. திங்கட்கிழமை திறப்பு. பாதையில் ஒரு குப்பை கிடந்து அது போட்டோவில் விழுந்தால் அன்றைக்கே நீ வீட்டுக்குப் போகலாம் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார்.

வீட்டுக்குப் போவதென்றால் மறுபடி கடலுக்குப் போவது. பிரடெரிக்கின் அய்யா பாம்பனிலிருந்து போன படகோடு திரும்பவே இல்லை, உடலும் ஒதுங்கவில்லை. ஆஸ்லின் பிறந்த அன்று ஜெப்சி பிள்ளையை அவன் கையில் கொடுத்து, இவள் அப்பன் முகம் பார்த்து வளரவேண்டும், இனி கடலில் கால் வைக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஏழு வருஷம் கரையில் கிடைத்த கூலிவேலையெல்லாம் செய்து, இப்போதுதான் காக்கிச் சட்டை போட்டு ஒரு காவல் வேலை. அதில் மண்ணைப் போட எவனோ கிளம்பியிருக்கிறான்.

சுத்தம் அவனுக்கு ரத்தத்தில் ஊறியது. கரைவலை இழுக்கிற மணலில் ஒரு துரும்பு கிடந்தாலும் வலை மாட்டிக் கிழியும். அவன் அய்யா விடியும் முன்பே கரையைக் கூட்டி, பாசி, சுள்ளி, கொப்பு எல்லாவற்றையும் குவித்து எரித்த பிறகுதான் வலை இறக்குவார். மணலில் கிடப்பதெல்லாம் குப்பை. பிரடெரிக் படித்த பாடம் அதுதான்.

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் ஆளைப் பிடித்தான். ஆறு ஆடுகளோடு வந்த ஒரு பெண், ஏழாம் கல்லருகே ஒரு வேப்பங்கொப்பைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து ஊர் இருளம்மாள். அவன் போட்ட சத்தத்துக்கு ஆடுகள்தான் மிரண்டன, அவள் அசையவில்லை. தன் மகள் துர்காதேவி விறகொடிக்க வந்து பாம்பு கடித்து விழுந்த இடம் இது என்றாள். ரோட்டுக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டதாம். அகாலமாய்ச் செத்த இடத்தைத் தாண்டுகிறவர்கள் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துப் போட்டுவிட்டுப் போகவேண்டும், வேறு பூசை கிடையாது, போட்டால் அது வழிவிட்டுவிடும் என்றாள். தான் வெள்ளிக்கு ஒரு கொப்புதான் போடுவதாகவும், தினமும் இத்தனை தழை எப்படி வருகிறதென்று தனக்கே தெரியாதென்றும் சொன்னாள்.

பொய் சொல்கிறாள் என்று நினைத்தான். அதைவிட, மகள் செத்த இடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்பது அவனுக்குள் முள்ளாய்க் குத்தியது.

"எங்க அய்யாவுக்கு ஒரு பிடி மண்ணு போட எடமில்ல. ஒனக்கு மட்டும் பாதைக்கு நடுவுல எடம் வேணுமாக்கும்?"

தழையை வெறும் மணலுக்கு இழுத்துப் போட்டு, பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்து வந்து ஊற்றிக் கொளுத்தினான். பச்சைத் தழை சீறிச் சீறி எரிந்தது. அவள் அழவில்லை. சாம்பலாகும்வரை பார்த்துவிட்டுத்தான் ஆடுகளைத் திருப்பினாள்.

"செத்த எடத்துலதான் தழை விழும், தம்பி. அந்த எடத்த அழிச்சிட்ட. இனி அது எங்கன போயி விழும்?"

ரேஞ்சரிடம் போய்ச் சொல்லு என்று அனுப்பிவிட்டான்.

சனிக்கிழமை காலை ஏழாம் கல் துப்புரவாக இருந்தது. விட்டது சனியன் என்று சீட்டியடித்தபடி இறங்கியவன் நான்காம் கல்லில் நின்றான். மூன்று கொப்பு. அடுக்கிவைத்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று. சுற்றிலும் கலையாத மணல். பல்லைக் கடித்துக்கொண்டு அள்ளி எறிந்தான்.

கல்லில் எண்களுக்கு மறுபூச்சு அடிக்க ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து பெயிண்டர் சோணைமுத்து வந்திருந்தார். மத்தியானம் நான்காம் கல்லில் சாய்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். பிரடெரிக் தண்ணீர் கொண்டுபோனபோது அவர் பக்கவாட்டில் சரிந்து கிடந்தார், வாயில் விழுங்காத சோறு. வெயில் தாக்கிச் செத்திருக்கிறார் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கேட்டவர்களிடமெல்லாம் பிரடெரிக்கும் அதையே சொன்னான்.

ஆனால் அந்த மணலைக் கூட்டியவன் அவன். மூன்று கொப்பும் கிடந்த இடம் அவனுக்குத் தெரியும். சோணைமுத்துவின் தலை கிடந்த இடம் அதுதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் இருளம்மாளைத் தேடிப் போனான். சண்டைக்குத்தான் போனான். வீடு பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆடுகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தொண்டியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாளாம். அப்படியானால் சனிக்கிழமை போட்டது யார்? பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். யார்மேல் கோபப்படுவதென்று அவனுக்குத் தெரியவில்லை, அதுதான் முதல் பயம்.

மணல்மலை ஏறினான். ஒன்றிலிருந்து பத்துவரை ஒவ்வொரு கல்லையும் சுற்றிவந்து பார்த்தான். எங்கும் தழை இல்லை. திரும்பி ஏழாம் கல்லுக்கு வந்து, ஒற்றை வேப்பங்காய் தொங்கிய ஒரு கொப்பை ஒடித்துக் கரித்தடத்தின்மேல் போட்டான். கும்பிட்டான். சிலுவையும் போட்டுக்கொண்டான். மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. நாளைக்குத் திறப்பு முடியட்டும், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று முனகிவிட்டு இறங்கினான்.

கேட்டுக்கு வெளியே அவன் பைக் நின்றது. சீட்டின்மேல் ஒரு கொப்பு.

ஒற்றை வேப்பங்காய் தொங்கியது. ஒடித்தபோது அவன் உரித்துவிட்ட பட்டை வாலாக நீண்டிருந்தது. அவன் போட்டது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

அப்படியானால் அடுத்த சாவு நான்தான், இந்த வண்டியில்தான் என்று நினைத்தான். கொப்பைத் தட்டிவிட்டான். சாவி போடக் கை துணியவில்லை. நாலு கிலோமீட்டர், உச்சிவெயிலில், வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தான். லாரி வந்தால் பள்ளத்தில் இறங்கி நின்றான். வழியெல்லாம் பச்சை வாடை கூடவே வந்தது. தார் ரோட்டில், உப்பளத்தில், மீன் காயும் கரையில், அதே வாடை. வீடு கண்ணில் பட்டதும் சிரிப்பு வந்தது. சாகவில்லை. என்னை என்ன செய்துவிட்டாய், போடி, என்று மணல்மலைப் பக்கம் பார்த்து வாய்விட்டுத் திட்டினான்.

பக்கத்து வீட்டு நிழலில் ஜெப்சி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாய் என்றாள். பிள்ளை எங்கே என்று கேட்டான்.

"சாப்பிட்டுப் படுத்திருக்கா. இப்பதான். எழுப்பிராத."

கதவு சாத்தியிருந்தது. திறந்தான். வாடை முகத்தில் அடித்தது.

கான்கிரீட் கூரை. மூடிய ஜன்னல். மின்விசிறி ஓடவில்லை. பாயில் ஆஸ்லின் மல்லாந்து படுத்திருந்தாள். அவள் வயிற்றின்மேல் ஒரு ஆவாரங்கொப்பு, பூவோடு.

எடுத்து எறிந்தான்.

மேலே பார்த்தான். ஒன்றுமில்லை. குனிந்தான். நெஞ்சின்மேல் எருக்கு. ஒடித்த இடத்தில் பால். எறிந்தான். காலருகே வேம்பு. எறிந்தான். விழும் சத்தம் கேட்கிறது. விழுவது தெரியவில்லை. கூட்டத் தெரிந்தவன் அவன். இரண்டு கையாலும் வாரினான். இந்தப் பக்கம் வார, அந்தப் பக்கம். கழுத்தில். தோளில். மூடிய கைக்குள்.

"ஆஸ்லின்."

வெளியே ஜெப்சி கத்தியைக் கல்லில் தீட்டும் சத்தம். வண்டியில் வந்திருந்தால் பத்து நிமிஷம். நடந்து வந்தான். நடந்து.

அவள் மேலுதட்டின்மேல் ஒரு வேப்பிலை விழுந்து கிடந்தது, மூக்குக்கு நேராக. மூச்சுப் பட்டால் அசையும். அதைப் பார்க்கத் துணிவில்லாமல் அவன் மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தான். எடுக்க எடுக்க விழுந்துகொண்டிருந்தது.