நிலம் நிலமாக இருந்த ஆண்டு

பதினேழாவது கம்பியையும் அடித்து இறக்கிவிட்டுத்தான் அஞ்சலாட்சி நிமிர்ந்தாள். கம்பிகளின் வழியே நிலநினைவி வண்டலை அடுக்கடுக்காகப் படித்துக்கொண்டிருந்தது. இந்த மண் எந்த ஆண்டில் எவ்வளவு மழையைக் குடித்தது, எவ்வளவை வெளியே விட்டது என்று அந்தப் பொறி சொல்லிவிடும். இங்கே ஆலை வந்தபின் அந்த அளவுக்குமேல் ஒரு சொட்டு வெளியேறக் கூடாது. மிஞ்சினால் மதிலடி மடை தானே மூடிக்கொள்ளும். சட்டம் அப்படி.

எந்த ஆண்டை அளவாக வைத்துக்கொள்வது என்பதில்தான் இழுபறி. ஆலை இன்ஜினியர் தவச்செல்வன் போன வருஷத்தைப் போட்டிருந்தார். போன வருஷம் கிராவல் கொட்டி ரோலர் ஓட்டி, நிலம் பாறையாகக் கிடந்தது. விழுந்த மழையெல்லாம் மதிலைத் தாண்டி அஞ்சலாட்சியின் தெருவுக்குள் புகுந்தது. மூன்று தடவை அவள் அடுப்பு முழுகியது. அதையே அளவாக வைத்தால் ஆலையும் அவ்வளவையும் வெளியே விடலாம்.

கம்பி அடித்தவர் கையெழுத்துப் போடாமல் பொறி நகராது. கைநாட்டு செல்லாது. அவள் போட மாட்டேன் என்றுவிட்டாள். வாசல் பலகையில் இருந்த சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள். 'நிலம் நிலமாக இருந்த ஆண்டு' என்றுதான் இருக்கிறது என்று சாதித்தாள். நாற்பத்தெட்டு வயதில் படிக்கக் கற்றால் இதுதான் தொல்லை என்று தவச்செல்வன் மேஸ்திரியிடம் சிரித்துப் பார்த்தார். மத்தியானம்வரை மன்றாடியும் பார்த்தார். கடைசியில் சலித்துப்போய், நீங்களே அழுத்துங்கம்மா என்று விலகி நின்றார்.

அவள் பொறியில் ஆண்டு வரிசையின் கடைசியில் இருந்த 'ஆதி'யை அழுத்தினாள்.

திரையில் மனை முழுக்க நீலம் படர்ந்தது. ஏரி. நீலம் மதிலோடு நிற்கவில்லை. அவள் தெருவுக்குள் இறங்கி, அவள் வீட்டின் மேல் வந்து கறுத்தது.

"ஏரியோட ஆழமே உங்க வீடுதாம்மா," என்றார் தவச்செல்வன். குரலில் கேலி இல்லை. "நீலத்துக்குள்ள ஆலையும் கூடாது, வீடும் கூடாது. மேட்டுல இடம் தருவாங்க. எப்பன்னு சட்டத்துல இல்ல. போன வருஷம்னே மாத்திடவா?"

அவள் மண்ணொட்டிய கையை முந்தானையில் துடைத்தாள்.

"இப்பவும் வருஷத்துக்கு மூணு தரம் ஏரிக்குள்ளதான் சார் படுக்கிறோம். மேட்டுலயும் படுத்துப் பாக்கிறோம்."

கையெழுத்துப் போட்டாள். ஏரி ஒரு சொட்டும் வெளியே விட்டதில்லை; மடை மூடிக்கொண்டது. பொறி வீடு காலி செய்யும் சீட்டுகளைத் துப்பத் தொடங்கியது. முதல் சீட்டு அவளுக்கு. விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். ஐந்நூறு வருஷத்து வண்டலைப் பிசகாமல் படித்த பொறி, அவளை 'அஞ்சளாட்சி' என்று அடித்திருந்தது.

"எழுத்துத் தப்பு சார்," என்று சீட்டைத் திருப்பி நீட்டினாள். "என் பேருக்கு வந்தாத்தான் காலி பண்ணுவேன்."