மூன்று கால் பின்னல்

அந்த வீட்டுக்கு நாங்கள் போனபோது நல்ல வெயில். பேய்க்கதை என்றால் மழையும் மின்னலும் வேண்டும் என்பவர்கள் மன்னிக்கவும். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் வண்டியிலிருந்து அடைப்பு எடுக்கும் கம்பிச் சுருளை இறக்கினார். என் தம்பி அவனுடைய போனை, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல், இரண்டு கையாலும் இறக்கினான். விளக்கு என் கையில்.

என் கணவர் பிளம்பர். ஒரு தடவை ஏதோ ஒரு வீட்டுக் குளியலறை ஓட்டையிலிருந்து அவர் முடிக்கற்றையை உருவியதை என் தம்பி விளையாட்டாகப் படம்பிடித்து இணையத்தில் போட்டான். அதற்கு முன் அவன் பூனை, பாட்டு, நகைச்சுவை என்று எதையெதையோ போட்டுப் பார்த்தவன்தான். சொந்தக்காரர்களைத் தவிர ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. "லைக்கு வந்துச்சா, லைக்கு வந்துச்சா" என்று கேட்டுக் கேட்டே வீட்டில் அவன் பெயர் லைக்கு ஆகிவிட்டது. இந்த வீடியோவைப் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்தால், கூட்டம் கூட்டமாகப் பார்த்திருக்கிறார்கள்.

மனிதர்களுக்கு எது பிடிக்கும் என்று அன்றைக்கு அவன் தெரிந்துகொண்டான். குமட்டல்தான் பிடிக்கும்.

எடிட்டிங் என் தலையில் விழுந்தது. முடியும் சோப்பும் ஊறிய தோலும் ஒன்றாய்த் திரண்டு கறுப்புக் கூழாக வெளியே வருவதை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, அந்த 'சளக்' என்ற சத்தத்தை மட்டும் கூட்டிவைக்க வேண்டும். அதை முடித்துவிட்டுக் கையைக் கழுவினாலும் சாப்பாடு இறங்காது. கமெண்டுகள் அதைவிட மோசம். 'இன்னும் மெதுவா உருவுங்க.' 'கிட்டக்க காட்டுங்க.' 'சாப்பிட்டுக்கிட்டே பாக்கறேன், செம.' இவர்களையெல்லாம் பெற்றவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். நான் மட்டும் என்ன ஒழுங்கு, அவர்கள் கேட்டபடி கிட்டக்கத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

இதில் வெளியே தெரியாத ஒரு வேலை உண்டு. உருவும் நொடி சரியாகப் படமாகவில்லை என்றால், எடுத்ததை மறுபடி ஓட்டைக்குள் திணித்து இரண்டாம் தடவை உருவுவோம். அடைப்பை எடுத்துவிட்டுத் திரும்ப அடைக்கிற பிளம்பர் உலகத்தில் என் கணவர் ஒருத்தர்தான். அவருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. லைக்கு தாடையைப் பிடித்துக் கெஞ்சுவான். அவரும் மச்சினன் ஆசைப்படுகிறானே என்று திணிப்பார்.

கதவைத் திறந்தது அந்த வீட்டு மருமகள். களைத்த முகம். எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள்.

"அத்தை இருந்த ரூம். அவங்க போனதுலேருந்து பூட்டியே கெடக்கு. ஆனா பாத்ரூம்ல தண்ணி தேங்கிட்டே இருக்கு."

"குழாய் ஒழுகுதாம்மா?" என்று கேட்டார் என் கணவர்.

"குழாயையே எடுத்தாச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன்.

"கடைசில ரொம்ப நாள் படுக்கைதான்," என்றாள் அவள், யாரும் கேட்காமலே. "முடி மட்டும் இடுப்பைத் தாண்டி இருக்கும். யாராச்சும் பின்னி விடுங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. ஆளுக்கு ஒரு வேலை. யாரு போய் உக்கார்றது?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "உள்ளேருந்து என்ன வந்தாலும் நீங்களே கொண்டுபோய் எங்கயாவது போட்டுடுங்க. இங்க ஒண்ணும் வேணாம்."

குளியலறைக்குள் கால் வைத்ததும் வாசனை முகத்தில் அறைந்தது. சாக்கடை நாற்றம் எனக்குப் பழக்கம். இது அது இல்லை. பல நாள் வாராத தலையை மூக்கோடு அழுத்திப் பிடித்தால் வருமே, அந்தப் புழுங்கிய நாற்றம். அடியில் ஏதோ இனிப்பாகக் கெட்டுப்போன வாடை வேறு. கணுக்காலளவு தண்ணீர் அசையாமல் நின்றது. மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கியது.

என் கணவர் சல்லடை மூடியைக் கழற்றிக் கம்பியை விட்டுத் திருகினார். எதிலோ மாட்டியது. இழுத்தார். நரைத்த முடி, கொத்துக் கொத்தாக, சிக்கும் சளியுமாக, வெளியே வந்து தரையில் 'சொத்' என்று விழுந்தது. தண்ணீர் சுழன்று இறங்கியது.

"ஐயோ மாமா, லென்ஸ்ல ஆவி புடிச்சிடுச்சு!" என்றான் லைக்கு. "ஒண்ணுமே விழல. ஒரே ஒரு தடவை. ப்ளீஸ் மாமா."

"இதையாடா? எனக்கே வயத்தைப் பொரட்டுது."

"அதான் மாமா வேணும்!"

அவர் அந்தக் கொத்தை இரண்டு விரலால் எடுத்து ஓட்டையில் வைத்தார். திணிக்கக் குனிந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"நான் தள்ளல," என்றார் மெதுவாக.

முடி தானாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி நுனியும் போயிற்று. உள்ளேயிருந்து நெருடுவதுபோல் ஒரு சின்னச் சத்தம் வந்தது. அப்புறம் நின்றது.

"ரோலிங்," என்றான் என் தம்பி.

இரண்டாம் தடவை கம்பியே தேவைப்படவில்லை. நுனி மேலேயே நின்றது. என் கணவர் பிடித்து இழுத்தார். வழவழவென்று, எங்கும் சிக்காமல் வந்தது. ஒரு முழம் வந்தது, இரண்டு முழம் வந்தது.

அது பின்னியிருந்தது.

மூன்று கால் எடுத்து, ஒரு முடி பிசகாமல், இறுக்கமாகப் பின்னிய பின்னல். அதன் மேல் ஆவி பறந்தது. என் கணவர் கையை உதறிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"சூடா இருக்கு," என்றார்.

லைக்கு என் காதருகே வந்து கிசுகிசுத்தான். "அக்கா, இதுல ஒரு செகண்டுகூட வெட்டிடாதே."

நான் வெட்டவில்லை. அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைச் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். தெரியாத மொழிகளிலெல்லாம் கமெண்ட். லைக்கு தரையில் நடக்கவே இல்லை. என் கணவர் மட்டும் அதற்கப்புறம் அந்த வலது கையால் சாப்பிட யோசித்தார்.

அடுத்து நாங்கள் போட்டதெல்லாம் சாதாரண அழுக்கு. கூட்டம் முகம் சுளித்தது. 'பின்னல் எங்கே?' 'ஏமாத்துறீங்க.' 'பின்னல் வரலேன்னா போயிடுவேன்.' லைக்கு நகத்தைக் கடித்துக்கொண்டு அலைந்தான். பிறகு ஒரு நாள் திடீரென்று சிரித்த முகமாய் வந்து, எடிட் செய்யச் சொல்லி நாலைந்து புதுத் துண்டுகளைக் கொடுத்தான்.

"எந்த வீடுடா இது?"

"ஒரு கஸ்டமர்தான்கா. மாமா வரல, நானே உருவினேன்."

மத்தியானம். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். என் மகள் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தாள். லைக்கு முன்னறையில் கமெண்டுகளை வாய்விட்டுப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தேன். முதல் துண்டில் அதே பின்னல். அந்தச் சனியனைக் குப்பையில் போடாமல் பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்று புரிந்தது. அடுத்த துண்டில் பின்னல் இன்னும் நீளம். அதற்கடுத்ததில் இன்னும். ஒவ்வொன்றிலும் அவன் திணிப்பான். அது தானாகப் போகும். அவன் உருவுவான்.

கடைசித் துண்டை நிறுத்தி, கூட்டம் கேட்டபடி, கிட்டக்கக் கொண்டுவந்தேன்.

பின்னலில் இரண்டு கால் நரை. மூன்றாவது கால் கறுப்பு. மெல்லிய, புது முடி. அதில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் சிக்கியிருந்தது.

காலையில் என் மகள் தலைக்கு நான் போட்டுவிட்டதும் சிவப்பு வளையம்தான்.

படத்தின் ஓரத்தில் ஒரு நீல வாளி நின்றது. அதன் விளிம்பு உடைந்திருந்தது. உடைத்தவள் நான்.

"பாப்பா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

எங்கள் குளியலறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். என் மகள் ஈரத் தரையில் மல்லாந்து படுத்திருந்தாள், ஓட்டைக்கு நேராகத் தலையை வைத்து. அவள் முடி முழுவதும் ஓட்டைக்குள் இருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. தலை வாரிவிடும்போது குழந்தைகளுக்கு ஒரு சொக்கல் வருமே, அந்தச் சொக்கலில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புழுங்கிய நாற்றம் என் வீட்டில் அடித்தது.

அவளைத் தூக்கினேன். வரவில்லை. உள்ளேயிருந்து பிடி இறுகியது. அவள் பின்னந்தலை தரையில் 'டொக்' என்று இடித்தது.

"அம்மா, இழுக்காதே. பாதிதான் ஆச்சு."

"யாருடி? யாரு?"

"எனக்கு அவங்க. அவங்களுக்கு நான்." அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். விரலிடுக்கில் நரைமுடி ஈரமாக ஒட்டியிருந்தது. "மாத்தி மாத்திப் பின்னிக்கறோம்."

லைக்கு வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கை போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் நான் அத்தனை அருவருப்பாக எதையும் பார்த்ததில்லை. ஓட்டைக்குள் இருந்ததைக்கூட.

"கத்திரிக்கோல் எடுடா, நாயே!"

எடுத்து வந்தான். வேரோடு ஒட்டி நறுக்கினேன். ஒவ்வொரு நறுக்குக்கும் ஓட்டைக்குள் தண்ணீர் கொப்பளித்தது. ஏதோ ஒன்று என் விரலைத் தடவிப் பார்த்தது. விரலா, முடியா, சொல்லத் தெரியவில்லை. வழவழப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. கடைசி நறுக்கில் குழந்தை என் மேல் வந்து விழுந்தாள். வெட்டிய முடி சரசரவென்று உள்ளே போயிற்று. நான் அங்கேயே வாந்தியெடுத்தேன்.

என் கணவர் வந்ததும் லைக்குவின் பையைப் பிடுங்கினார். பின்னலைப் பழைய தகர டின்னில் போட்டு எரித்தார். அது ஈரத்தோடு வெகுநேரம் புகைந்தது. அந்த வாடை துணியிலிருந்து இன்னும் போகவில்லை. குளியலறை ஓட்டையில் சிமெண்டைக் கொட்டினார். வாழ்நாளெல்லாம் அடைப்பு எடுத்தவர், அன்றைக்குத்தான் மனதார ஒன்றை அடைத்தார். அந்த அறையைப் பூட்டிவிட்டோம். கொல்லையில் தகரம் கட்டிக் குளிக்கிறோம். லைக்கு அழுதுகொண்டே பின்னல் வீடியோக்களை அழித்தான். அழித்து என்ன பயன்? ஆளாளுக்கு எடுத்து அவரவர் சேனலில் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்துச் சொந்த வீட்டு ஓட்டையை நோண்டி, வந்ததைத் திரும்பத் திணித்துப் பார்ப்பது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

நேற்று மத்தியானம், அழிக்காமல் விட்ட பழைய பூனை வீடியோவின் கீழ் ஒரு கமெண்ட் வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்.

'உங்க வீடியோவைப் பார்த்து என் வீட்டுக்காரர் செஞ்சார். எங்களுக்கும் பின்னி வந்துச்சு. இப்போ என் பொண்ணு பாத்ரூமை விட்டு வரமாட்டேங்கறா. எப்படி நிறுத்தினீங்க? சொல்லுங்க.'

பதில் எழுத ஆரம்பித்தேன். 'உடனே முடியை வெட்டிடுங்க. ஒட்ட வெட்டிடுங்க. எங்க பொண்ணு இப்போ நல்லா...'

அந்த வரியை எழுதும்போது, அவள் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

பூட்டிய குளியலறைக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொட்டைத்தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்திருந்தாள். யாரோ வாகாகத் தலையைப் பிடித்திருப்பதுபோல், அசையாமல்.

"பாப்பா, அங்க என்ன பண்றே?"

"சும்மா உக்காந்திருக்கேன்மா."

"வா இங்க. பின்ற அளவுக்குக்கூட முடி இல்ல. அங்க என்ன வேலை?"

"வளர்ற வரைக்கும் இருக்கேன்னு சொல்றாங்க."

ஓடிப்போய் அவளை வாரித் தூக்கினேன். கதவில் பூட்டு அப்படியே இருந்தது. அவள் பின்னங்கழுத்து சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.